கோலைத் துடைத்தவர்கள்

ஸ்னூக்கர் ஆட்டத்தின் விதிகளை முதன்முதலில் ஒழுங்காக எழுதிச் சுவரில் மாட்டியது லண்டனில் இல்லை. நம்ம ஊட்டியில். 1882ஆம் வருஷம், ஊட்டி கிளப்பின் பில்லியர்ட்ஸ் அறையில்.

எழுதியவர் பெயர் நெவில் சேம்பர்லைன். ஹிட்லரோடு ஒப்பந்தம் போட்டுவிட்டு வந்த பிரதமர் இல்லை. பெயர் மட்டும்தான் ஒன்று. இவர் பட்டாள அதிகாரி, 1856இல் பிறந்தவர். 1875இல் ஜபல்பூரில் டெவன்ஷயர் ரெஜிமெண்டில் இருந்தபோது, மழைக்காலத்தில் மெஸ்ஸை விட்டு வெளியே போக முடியாத அதிகாரிகள் பில்லியர்ட்ஸ் மேசையில் காசு வைத்து 'பிளாக் பூல்' ஆடிக்கொண்டிருந்தார்கள். அதில் இன்னும் சில நிறப் பந்துகளைச் சேர்த்துப் பார்த்தார் சேம்பர்லைன். வுல்விச் ராணுவக் கல்லூரியில் முதல் வருஷ மாணவனைக் கேலியாக 'ஸ்னூக்கர்' என்று கூப்பிடுவார்களாம். சுலபமான பந்தைக் கோட்டைவிட்ட ஒருவரை சேம்பர்லைன் அப்படிக் கூப்பிட, அந்தப் பெயர் ஆட்டத்துக்கே ஒட்டிக்கொண்டது.

பிறகு ஆப்கான் போர், காயம். அதன் பின் சென்னை ராணுவத்தின் தலைமைத் தளபதி ஃபிரடரிக் ராபர்ட்ஸிடம் வேலை. சென்னை மாகாண அரசாங்கம் வெயிலுக்குப் பயந்து வருஷாவருஷம் நீலகிரிக்கு ஏறும். சேம்பர்லைனும் கூடவே ஏறினார். ஊட்டியில் ஆட்டம் பிடித்துப்போனது, விதிகள் சுவருக்கு வந்தன. 1885இல் இங்கிலாந்தின் பில்லியர்ட்ஸ் சாம்பியன் ஜான் ராபர்ட்ஸ் கல்கத்தா வந்தபோது, கூச்பிகார் மகாராஜாவோடு நடந்த ஒரு விருந்தில் சேம்பர்லைனைச் சந்தித்து விதிகளைக் கேட்டுத் தெரிந்துகொண்டார். ஆட்டம் கப்பல் ஏறியது.

இதுதான் எல்லோரும் சொல்லும் கதை. எனக்கும் பிடித்த கதை. ஆனால் ஒவ்வொரு தடவை படிக்கும்போதும் ஒரு சின்னக் கேள்வி வந்து நிற்கும். ஊட்டியின் பனியிலும் மழையிலும் அந்த அறையில் இருந்த மரக்கோல்களை யார் துடைத்து வைத்தது?

'இதெல்லாம் ஒரு கேள்வியாய்யா' என்று நினைப்பவர்கள், வியர்த்த கையோடு ஒரு க்யூவைப் பிடித்து அடித்துப் பாருங்கள்.

*

ஸ்னூக்கரோ பூலோ, வலது கைக்காரர் என்றால் இடது கையை மேசையில் ஊன்றி, கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவே ஒரு பள்ளம் உண்டாக்கி, அதில் கோலை ஓட்ட வேண்டும். இதற்குப் பெயர் பிரிட்ஜ். ஆட்டத்தின் துல்லியம் முழுக்க அந்த இரண்டு அங்குலத் தோலில் இருக்கிறது. ஸ்னூக்கர் க்யூவின் நுனி ஒன்பது, பத்து மில்லிமீட்டர் கனம்தான். பந்தின் விட்டம் 52.5 மில்லிமீட்டர். மேசை 12 அடி நீளம். நுனி பந்தைத் தொடும் இடம் ஒரு மில்லிமீட்டர் விலகினாலே எட்டடி தள்ளி இருக்கும் பந்து குழிக்குள் போகாது, குழியின் உதட்டில் முட்டிக்கொண்டு நிற்கும்.

கோல் லேசாக ஒட்டினால் என்ன ஆகும்? பிளஸ் டூ இயற்பியல்தான். நிற்கும் பொருளை நகர்த்தத் தேவையான உராய்வு, நகர்ந்துகொண்டிருக்கும் பொருளின் உராய்வைவிட அதிகம். பிசுபிசுத்த கோல் விரலில் ஒரு நொடி பிடிக்கும், பிறகு சட்டென்று விடும். அந்தப் பிடித்து விடுதலில் கோல் நேர்கோட்டை விட்டு விலகிவிடும். பழியை ஆடுபவர் தன் கண் மேலே போட்டுக்கொள்வார்.

பிசுபிசுப்பு எங்கிருந்து வருகிறது? மூன்று இடங்களில் இருந்து. ஒன்று, கையின் வியர்வையும் எண்ணெய்ப் பசையும். இரண்டு, நுனியில் தேய்க்கும் சாக்கின் தூள். இது கோலில் இறங்கி வியர்வையோடு குழைந்து நீல நிறத்தில் ஒரு பூச்சாகப் படியும். மூன்று, காற்றின் ஈரம். ஈரம் குடித்த மரம் குறுக்குவாட்டில் உப்பும்; மேல்பரப்பில் நுண்ணிய நார்கள் எழுந்து நிற்கும். ஸ்னூக்கர் கோல்கள் பெரும்பாலும் ஆஷ் மரத்தில் செய்யப்படுபவை. அம்பு முனை போல வரிவரியாக ஓடும் அதன் ரேகைகள் பார்க்க அழகு. ஆனால் அந்த ரேகைகள் திறந்த துளைகள், அழுக்குக்கு வசதியான பள்ளங்கள். பூல் கோல்களுக்கு உகந்த மேப்பிள் மரத்தில் துளைகள் நெருக்கம், அதனால் கொஞ்சம் நிம்மதி.

மருந்து ரொம்ப எளிமையானது. ஆடி முடித்ததும் உலர்ந்த பருத்தித் துணியால் துடைக்க வேண்டும். அழுக்கு ஏறிவிட்டால் தண்ணீரில் நனைத்து ஒட்டப் பிழிந்த துணியால் ஒரு தடவை, உடனே உலர்துணியால் ஒரு தடவை. பிறகு ஒரு தோல் துண்டை வைத்து, சூடு தெரிகிற அளவுக்கு வேகமாக மேலும் கீழும் தேய்க்க வேண்டும். எழுந்த நார்கள் அந்தச் சூட்டில் படுத்துக்கொள்ளும். ஆஷ் மரமாக இருந்தால் எப்போதாவது ஆளிவிதை எண்ணெய் சில சொட்டு விட்டு, மிச்சத்தை மொத்தமாக வழித்துவிட்டு, ஒரு நாள் காயப்போட வேண்டும்.

ஆளிவிதை எண்ணெய் என்றால் முழிக்காதீர்கள். கிரிக்கெட் மட்டைக்குப் போடுவோமே, பெயிண்ட் கடையில் கிடைக்கும் லின்சீட் ஆயில், அதேதான். ஏன் அந்த எண்ணெய்? அது காயும் எண்ணெய். காற்றில் உள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து மரத்தின் துளைக்குள்ளேயே கெட்டியாகிவிடும். தேங்காய் எண்ணெய் காயாது. உள்ளே இருந்துகொண்டு தூசியைக் கூப்பிடும், பிறகு சிக்கு வாடை அடிக்கும். அலுவலகத்தில் நண்பர் ஒருவர் பூல் கோலுக்குத் தேங்காய் எண்ணெய் போட்டுவிட்டார். ஒரு மாசம் அந்தக் கோலை யாரும் தொடவில்லை. இன்னொன்று: ஆளிவிதை எண்ணெய் தொட்ட துணியைச் சுருட்டி மூலையில் போடக்கூடாது. காயும்போது அது சூடாகும். கசங்கிய துணி தானாகவே தீப்பிடிக்கும். விரித்துப் போட்டுத்தான் காயவிட வேண்டும்.

*

என் ஊர் கூமாப்பட்டி. போன வருஷம் வரைக்கும் 'வத்திராயிருப்பு பக்கம்' என்று சொல்லிப் புரியவைக்க வேண்டும். ஒரு ரீல் வந்ததற்கு அப்புறம் ஊர்ப் பெயரைச் சொன்னதுமே எதிரில் இருப்பவர் 'ஏங்க' என்று இழுக்கிறார். பிளவக்கல் அணைத் தண்ணி, தென்னந்தோப்பு, நெல்வயல். பில்லியர்ட்ஸ் மேசை கிடையாது. ஆனால் கையில் ஓடும் மரத்தை எப்படி வைத்துக்கொள்வது என்பது அங்கே எல்லோருக்கும் தெரிந்த வித்தை.

புது மண்வெட்டிக் காம்பை ஆசாரி எப்படி முடிப்பார் என்று பார்த்திருக்கிறேன். உளி வேலை ஆனதும், உடைந்த கண்ணாடிச் சில்லு ஒன்றை எடுத்து அதன் விளிம்பால் மெல்ல வழிப்பார். மாவு மாதிரி சீவல் உதிரும். "உப்புத்தாள் போடலையாண்ணே?" என்று ஒருமுறை கேட்டேன்.

"உப்புத்தாள் மரத்தைத் தின்னுக்கிட்டே போகும் தம்பி. மிச்சத்தை உங்க தாத்தா கை பாத்துக்கிடும்" என்றார்.

தாத்தா கை பார்த்துக்கொண்டது. இரண்டு போகம் முடிவதற்குள் காம்பில் அவர் பிடிக்கும் இரண்டு இடங்கள் மட்டும் புளியங்கொட்டை மாதிரி பளபளப்பு. சிலம்பம் ஆடுபவர்களும் இப்படித்தான். கம்புக்கு எண்ணெய் தடவுவார்கள், துடைப்பார்கள், அடுத்தவர் எடுத்தால் முகம் சுளிப்பார்கள்.

க்யூ பராமரிப்பிலும் ஆசாரி சொன்னதுதான் முதல் விதி. கோல் சொரசொரத்தால் புதிதாக ஆடுபவர் செய்யும் முதல் காரியம் உப்புத்தாள் வாங்குவது. தேய்த்த அன்றைக்கு வெண்ணெய் மாதிரி ஓடும். ஆனால் ஒவ்வொரு தேய்ப்பிலும் மரம் குறைகிறது. நுனியை நோக்கிச் சிறுத்துக்கொண்டே போகும் அந்தக் கணக்கான வடிவம் கெட்டுவிட்டால் திரும்ப ஒட்டவைக்க முடியாது. துடைப்பது தினமும் செய்கிற வேலை, ஒன்றும் குறையாது. தேய்ப்பது ஒரு நாள் வேலை, ஆனால் கோல் தேய்ந்துகொண்டே போகும். அதனால்தான் ஒரு கோல் முப்பது வருஷம் வழுவழுப்பாக இருந்தால், அந்த முப்பது வருஷமும் யாரோ ஒருவர் துணியோடு அங்கே இருந்திருக்கிறார் என்று அர்த்தம்.

*

ஊட்டி கிளப் மாதிரி இடங்களில் அந்த யாரோ ஒருவருக்கு ஒரு பதவிப் பெயர் இருந்தது: மார்க்கர்.

பெயரின்படி அவர் வேலை ஸ்கோர் குறிப்பது. நிஜத்தில் அந்த அறையே அவர் பொறுப்பு. மேசையின் பச்சைத் துணியை அதன் மயிர் சாய்ந்த திசையிலேயே பிரஷ் போட்டு, அதே திசையில் சூடான இஸ்திரிப் பெட்டியை ஓட்டுவது. பந்துகளைத் துடைப்பது. கோல்கள் வளையாமல் ரேக்கில் நிமிர்த்தி வைப்பது, நுனித் தோல் தேய்ந்தால் புதிதாக ஒட்டுவது. துரைக்கு எதிராளி இல்லாவிட்டால் அவரோடு ஆடுவது. இந்தியாவில் இந்த வேலையைச் செய்தவர்கள் இந்தியர்கள். உறுப்பினராகச் சேர்வதை இந்தியர் நினைத்தும் பார்க்க முடியாத அறைக்குள், துணியோடு போனால் மட்டும் கதவு திறந்தது.

ஒன்றை யோசித்துப் பாருங்கள். 1882இல் அந்தப் புது விதிகள் சுவரில் ஏறியபோது, அவற்றை எல்லோருக்கும் முன்னால் மனப்பாடம் செய்திருக்க வேண்டியவர் மார்க்கர்தான். சிவப்புக்கு எத்தனை, கறுப்புக்கு எத்தனை, தப்பாக அடித்தால் எத்தனை போகும் என்று தெரியாமல் ஸ்கோர் எழுத முடியாது. அதிகாரிகள் மாற்றலாகிப் போவார்கள், லீவில் கப்பல் ஏறுவார்கள். மார்க்கர் அங்கேயே இருப்பார். அடுத்த சீசனில் வரும் புது அதிகாரி அந்த அறையில் ஆட்டத்தைக் கற்றுக்கொண்டபோது, பாதியையாவது மார்க்கரைப் பார்த்துத்தான் கற்றிருப்பார் என்பது என் ஊகம். ஊகம் என்றுதான் சொல்ல முடியும். ஸ்னூக்கர் வரலாறுகளில் சேம்பர்லைனுக்கு அத்தியாயமே உண்டு. ஊட்டி அறையின் மார்க்கருக்கு ஒரு பெயர்கூட இல்லை.

சேம்பர்லைனின் பெயருமே தானாக நிலைத்துவிடவில்லை. 1930களில் ஸ்னூக்கர் பிரபலமானபோது அதன் பிறப்பைப் பற்றி ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். வுல்விச் ராணுவக் கல்லூரியில்தான் பிறந்தது என்று ஒரு பத்திரிகையில் கடிதம் வந்தது. 1938இல், எண்பது வயதைத் தாண்டிய சேம்பர்லைன், 'தி ஃபீல்ட்' பத்திரிகைக்குத் தன் கைப்பட பதில் எழுதினார்: ஜபல்பூர், 1875, நான்தான். அவரோடு வேலை பார்த்த பழைய அதிகாரிகள் ஆமாம் என்று சாட்சி சொன்னார்கள். மறு வருஷம் எழுத்தாளர் காம்ப்டன் மெக்கன்சி 'தி பில்லியர்ட் பிளேயர்' இதழில் அதை விரிவாக எழுதினார். விவகாரம் முடிந்தது. 1944இல் சேம்பர்லைன் இறந்தார்.

அவர் பொய் சொன்னார் என்று நான் சொல்லவில்லை. அவர் சொன்னது உண்மைதான் என்றே நினைக்கிறேன். என் கண்ணில் படுவது வேறு. அறுபத்துமூன்று வருஷத்துக்கு முந்தைய ஒரு சாயங்காலத்தை மீட்டெடுக்க என்னென்ன தேவைப்பட்டது? எண்பது வயது தாண்டிய ஆயுள், இங்கிலீஷில் கடிதம் எழுதும் பழக்கம், அதை அச்சடிக்கும் பத்திரிகை, கூப்பிட்டால் சாட்சிக்கு வரும் நண்பர்கள். இதில் ஒன்றுகூட மார்க்கர் கையில் இல்லை.

என் தொழிலில் இதை தினமும் பார்க்கிறேன். புது வசதி ஒன்றை எழுதியவர் பெயர் கமிட் லாக்கில் இருக்கும்; பாராட்டு மெயிலும் வரும். ராத்திரி இரண்டு மணிக்கு சர்வர் விழாமல் பார்த்துக்கொண்டவர் பெயர் எங்கேயும் இருக்காது. ஏனென்றால் அன்றைக்கு ஒன்றும் நடக்கவில்லை. ஒன்றும் நடக்காமல் பார்த்துக்கொள்வதுதான் அவர் வேலை. கோலைத் துடைப்பதும் அந்த வகை வேலைதான். நன்றாகச் செய்தால், ஆடியவர் கையின் தடமும் இருக்காது, துடைத்தவர் கையின் தடமும் இருக்காது.

*

இன்றைக்கு ஆட்டம் நம் கைக்கு வந்துவிட்டது. 1958இல் கல்கத்தாவில் வில்சன் ஜோன்ஸ் உலக அமெச்சூர் பில்லியர்ட்ஸ் பட்டம் வென்றார். எந்த விளையாட்டிலும் தனிநபராக உலகப் பட்டம் வென்ற முதல் இந்தியர் அவர்தான். 2025இல் தோஹாவில் சென்னைப் பெண் அனுபமா ராமச்சந்திரன் உலக மகளிர் ஸ்னூக்கர் பட்டத்தை வாங்கினார். ஊட்டி அறையின் கதவில் நின்ற யாரும் கனவில்கூடக் கண்டிருக்க மாட்டார்கள்.

கோலும் மாறிக்கொண்டிருக்கிறது. பூல் ஆடுபவர்கள் கார்பன் ஃபைபருக்குப் போகிறார்கள். அது ஈரம் குடிக்காது, நார் எழும்பாது, எண்ணெய் கேட்காது. ஒரு துடைப்பு போதும். நல்ல விஷயம்தான். மரக்கோல் வைத்திருப்பவர்கள் மட்டும் பழைய வேலையைத் தொடர்கிறார்கள்.

மார்க்கர் என்ற சொல்லும் இன்னும் சாகவில்லை. நம் ஊர் கிளப்புகளில் பந்து அடுக்கி, மேசைக்கு பிரஷ் போட்டு, மூடும் நேரத்தில் விளக்கை அணைப்பவருக்கு இன்றும் அதுதான் பெயர். அடுத்த முறை ஆடப் போகும்போது சொந்தமாக ஒரு துணி எடுத்துப் போங்கள். ராஜபாளையம் பக்கம் சத்திரப்பட்டியில் நெய்கிற பேண்டேஜ் துணி இதற்கு நன்றாகவே உதவும். பஞ்சு உதிராத மாதிரி இரண்டாக மடித்துக்கொள்ளுங்கள். ஆடி முடித்ததும் கோலைத் துடைத்து ரேக்கில் நிமிர்த்தி வையுங்கள். கிளம்புவதற்கு முன்னால் அங்கே இருக்கும் மார்க்கரிடம் பெயரைக் கேளுங்கள். பெரும்பாலானவர்கள் நம்மைவிட நன்றாக ஆடுவார்கள்.