எதுவும் விடாத தட்டு

பள்ளிக்கூட ஆய்வுகூடத்தில் ஒரு பரிசோதனை செய்கிறீர்கள். நாலு தட்டில் மருந்து விடுகிறீர்கள், ஐந்தாவதில் எதுவும் விடவில்லை. ஆனால் அந்த ஐந்தாவது தட்டிலும் மாற்றம் தெரிகிறது. என்ன செய்வீர்கள்? ‘எங்கேயோ பிழைத்துவிட்டது’ என்று கொட்டிவிடுவீர்கள். நானும் அப்படிக் கொட்டியவள்தான்.

1987ஆம் ஆண்டின் இறுதியில் அமெரிக்காவின் பொஸ்டன் நகரில் இருவர் கொட்டவில்லை. டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தின் அனா சோட்டோவும் கார்லோஸ் சோனென்ஷைனும்தான் அவர்கள். சோட்டோ, ஆர்ஜென்டீனாவிலிருந்து புலம்பெயர்ந்து வந்தவர்.

அவர்கள் வளர்த்தவை மார்புப் புற்றுநோய்க் கலங்கள். மிச்சிகனில் ஒரு கன்னியாஸ்திரியின் உடலிலிருந்து 1970இல் எடுக்கப்பட்ட கலங்களின் வழிவந்தவை அவை. பெண் ஓமோனான ஈஸ்ரோஜன் இருந்தால் அவை பெருகும், இல்லாவிட்டால் சும்மா இருக்கும். ஆனால் அந்த நாட்களில், ஈஸ்ரோஜன் விடாத தட்டுகளிலும் அவை பெருகின.

யாரோ தவறுதலாக ஓமோனைச் சிந்தியிருப்பார்களோ? ஆய்வுகூடத்தைத் துடைத்தார்கள், ஒவ்வொரு பொருளாக மாற்றிப் பார்த்தார்கள். மாதக்கணக்கில் தேடியபின் குற்றவாளி அகப்பட்டது: கலங்களுக்கு ஊட்டும் இரத்தநீரைச் சேமித்து வைத்த பிளாஸ்டிக் குழாய்! தயாரித்த நிறுவனமோ, பிளாஸ்டிக்கில் என்ன சேர்த்தோம் என்பது வியாபார இரகசியம் என்றது. இருவரும் தாங்களாகவே பிரித்தெடுத்துப் பார்த்தார்கள். அது நொனைல்ஃபீனோல். பிளாஸ்டிக் எளிதில் உடையாதிருக்கச் சேர்ப்பது. 1991இல் இதை வெளியிட்டார்கள்.

இதற்குப் பிறகு அந்தப் ‘பிழை’யே ஒரு சோதனைமுறை ஆனது. அதன் பெயர் ஈ-ஸ்கிரீன். ஒரு தட்டில் எதுவும் இல்லை, இன்னொன்றில் உண்மையான ஈஸ்ரோஜன், மூன்றாவதில் சந்தேகப்படும் பொருள். ஆறு நாள் கழித்துக் கலங்களை எண்ணுவார்கள். மூன்றாவது தட்டிலும் கலங்கள் பெருகியிருந்தால், அந்தப் பொருள் ஈஸ்ரோஜன்போல நடிக்கிறது. கழிவுநீரையும் இப்படிச் சோதிக்கலாம். நீரில் எந்த இரசாயனம் இருக்கிறது என்று முன்கூட்டியே தெரிந்திருக்கத் தேவையில்லை.

ஒன்றை மறக்கக்கூடாது. தட்டில் கலம் பெருகினால் மனிதருக்கும் தீங்கு என்று உடனே முடிவு கட்ட முடியாது. உயிருள்ள விலங்குகளிலும் பார்க்கவேண்டும். இங்கிலாந்தில் ஜோன் சம்ப்டரின் குழு அதைத்தான் செய்தது. கழிவுநீர் சேரும் ஆறுகளில் ஆண் மீன்களைக் கூண்டில் வைத்துப் பார்த்தபோது, பெண் மீன்கள் முட்டைக்காக உண்டாக்கும் புரதம் அவற்றின் இரத்தத்தில் இருந்தது. யோர்க்‌ஷயரின் ஏயர் ஆற்றில் இதற்கு முக்கிய காரணம், கம்பளி கழுவும் ஆலைகளிலிருந்து வந்த அதே நொனைல்ஃபீனோல்.

ஐரோப்பிய ஒன்றியம் 2003இல் இதற்குக் கட்டுப்பாடு கொண்டுவந்தது. நொனைல்ஃபீனோலாகச் சிதையக்கூடிய சலவைப் பொருட்கள் துணிகளில் தங்கியிருப்பதற்கும் 2021இலிருந்து எல்லை வைத்திருக்கிறார்கள். வெளிநாட்டிலிருந்து வரும் சட்டையை நாம் இங்கே துவைத்தாலும், அந்த நீர் ஆற்றுக்குத்தானே போகிறது?

அடுத்த முறை உங்கள் ஐந்தாவது தட்டு சொன்னபடி கேட்காவிட்டால், கொட்டுவதற்கு முன் ஆசிரியரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். அது எந்தக் குழாயிலிருந்து வந்தது என்றும் கேளுங்கள்.