பழையனூர் என்றால் நீலி மட்டும்தானா?



போன வாரம் கடைத்தெருவில் பழைய மாணவர் ஒருவரைப் பார்த்தேன். திருவாலங்காட்டை ஒட்டிய பழையனூர்க்காரர். வகுப்பில் பையன்கள் அவரை "நீலி" என்று கூப்பிட்டுச் சிரிப்பார்கள். ஒருநாள் நானும் சேர்ந்து சிரித்துவிட்டேன். வரலாறு நடத்திய வாத்தியார் நான்! அன்று சொல்லியிருக்க வேண்டியதை இன்று எழுதுகிறேன்.

நீலி கதை தெரியும்தானே? மனைவி வேடம் போட்டு வந்து, அழுது ஏமாற்றி, வணிகனைக் கொன்ற பேய். "நீலிக் கண்ணீர்" என்கிறோமே, அதுதான். ஆனால் அந்தக் கதையில் ஊர்க்காரர்கள் யார்? "உன் உயிருக்கு நாங்கள் பொறுப்பு" என்று வணிகனுக்கு வாக்குக் கொடுத்து, அது பொய்த்ததும் தீயில் இறங்கிய எழுபது வேளாளர்கள். நாம் பேயை வைத்துக்கொண்டு அவர்களை மறந்துவிட்டோம்.

கதையை விடுங்கள், சான்றுக்கு வருவோம். ஏழாம் நூற்றாண்டில் சம்பந்தர் பாடும்போதே "பழையனூர் ஆலங்காடு" என்று சேர்த்துத்தான் பாடுகிறார். கோயிலுக்கே இந்த ஊர்தான் விலாசம்!

1905இல் திருவாலங்காட்டில் கிடைத்த செப்பேடுகள் 31 ஏடுகள் கொண்டவை. நாம் அவற்றைச் சோழர் பரம்பரைக்காகப் படிக்கிறோம். ஆனால் அவை வெட்டப்பட்டதே பழையனூருக்காகத்தான். ராஜேந்திர சோழனின் ஆறாம் ஆட்சியாண்டில், 1018 வாக்கில், பிரமதேயமாக இருந்த ஊரை வெள்ளான்வகையாக மாற்றி, ஆலங்காட்டு இறைவனுக்குத் தேவதானமாகக் கொடுத்தார்கள். எல்லை குறித்த விதம்தான் அழகு. பெண் யானையை ஊரைச் சுற்றி நடத்தி, அது போன வழியையே எல்லையாக வைத்தார்கள். அந்த எல்லை ஏட்டில் விரிவாக எழுதப்பட்டிருக்கிறது.

இங்கிலாந்தில் பல கிராமங்களின் பெயர் முதன்முதலில் எழுத்தில் வருவது 1086இல் எடுத்த டூம்ஸ்டே கணக்கில். அதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்வார்கள். நம் பழையனூரின் பெயர் அதற்குச் சுமார் நானூறு ஆண்டுகளுக்கு முன்பே பாட்டில் இருக்கிறது.

1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி ஆந்திராவிலிருந்து சென்னை மாநிலத்துக்கு வந்ததைச் சிறுவனாகப் பார்த்தவன் நான். அந்த எல்லையைக் காகிதத்தில் போட்டார்கள், யானை வரவில்லை.

தம்பி, நீ இதைப் படித்தால் ஒன்று செய். உங்கள் ஊர் ஏரி, ஓடை, வயல்களின் பழைய பெயர்களைப் பெரியவர்களிடம் கேட்டு எழுதிக்கொண்டு வீட்டுக்கு வா. ஏட்டில் உள்ள பெயர்களோடு சேர்ந்து பார்ப்போம்.