சொகுசுக் கப்பலை மதிப்பிடும் அளவுகோல்களின் வரலாறு

சொகுசுக் கப்பல் என்பது ஓர் இடத்திலிருந்து மற்றோர் இடத்திற்குப் பயணிகளைக் கொண்டுசேர்ப்பதற்காக அல்லாமல், பயணத்தையே பொழுதுபோக்காக அனுபவிப்பதற்காக இயக்கப்படும் கப்பல் ஆகும். இத்தகைய கப்பல் நல்லதா என்பதை எதை வைத்து முடிவு செய்வது என்ற கேள்விக்கு ஒவ்வொரு காலத்திலும் ஒவ்வொரு விடை இருந்துள்ளது. முதலில் வேகமும் அலங்காரமும் பார்க்கப்பட்டன. பின்னர் உயிர்காப்புப் படகு, தீத்தடுப்பு, சுகாதாரம், இடவசதி ஆகியவை சேர்ந்தன. இவற்றுள் பல, பெரும் விபத்துகளுக்குப் பிறகே அளவுகோல்களாக ஏற்கப்பட்டன.

தொடக்கம்

19ஆம் நூற்றாண்டில் பயணிகள் கப்பல்களின் முதன்மையான பணி அட்லாண்டிக் பெருங்கடலைக் கடப்பதாகும். குளிர்காலத்தில் அங்குப் பயணிகள் குறைவு. கப்பல்கள் வருமானமின்றி நின்றன. ஹாம்பர்க்-அமெரிக்கா நிறுவனத்தின் ஆல்பர்ட் பாலின், 1891 ஜனவரியில் 'அகஸ்டா விக்டோரியா' என்ற கப்பலை மத்தியதரைக் கடல் சுற்றுலாவுக்கு அனுப்பினார். இம்முயற்சி வெற்றி பெற்றதால், சுற்றுலாவுக்கென்றே 'பிரின்செஸின் விக்டோரியா லூயிஸே' என்ற கப்பல் 1900இல் கட்டப்பட்டது. சொகுசுப் பயணத்துக்கென்றே கட்டப்பட்ட முதல் கப்பல் இதுவே எனக் கருதப்படுகிறது. இதில் முதல் வகுப்பு அறைகள் மட்டுமே இருந்தன. எனினும் 1906 டிசம்பரில் ஜமைக்கா கரையோரம் தரைதட்டி இக்கப்பல் அழிந்தது. பயணிகள் அனைவரும் காப்பாற்றப்பட்டனர்; கப்பல் தலைவர் தன்னைத்தானே சுட்டுக்கொண்டு இறந்தார்.

வேகமும் பருமனும்

அக்காலத்தில் கப்பலின் பெருமை வேகத்தால் அளக்கப்பட்டது. அட்லாண்டிக்கை மிக விரைவாகக் கடக்கும் கப்பலுக்கு 'நீலப்பட்டை' என்ற சிறப்பு உண்டு. 1958இல் ஜெட் விமானங்கள் அட்லாண்டிக்கின் குறுக்கே பயணிகளை ஏற்றிச் செல்லத் தொடங்கியபின் கப்பலின் வேகத்துக்கு இருந்த மதிப்பு குறைந்தது.

மற்றோர் அளவுகோல் 'டன்'. இச்சொல் எடையைக் குறிக்கிறது என்றே பலரும் எண்ணுவர். உண்மையில், இது மது நிரப்பும் பெரிய பீப்பாயின் பெயரிலிருந்து வந்தது. ஒரு கப்பல் எத்தனை பீப்பாய்களை ஏற்றும் என்பதைக் கொண்டு இடைக்கால இங்கிலாந்தில் வரி விதிக்கப்பட்டது. 1854இல் பிரிட்டனில் கப்பலின் உட்புற இடத்தை அளந்து, 100 கன அடியை ஒரு டன் எனக் கணக்கிடும் முறை வந்தது. 1969ஆம் ஆண்டின் பன்னாட்டு உடன்படிக்கை புதிய கணக்கீட்டு முறையைக் கொண்டுவந்தது. அது 1982 ஜூலை 18 அன்று நடைமுறைக்கு வந்தது. இன்றும் கப்பலின் 'மொத்த டன்' என்பது அதன் மூடப்பட்ட இடத்தின் அளவைக் காட்டுவதே தவிர, எடையை அன்று.

உயிர்காப்புப் படகுகள்

1912 ஏப்ரலில் மூழ்கிய டைட்டானிக் 46,328 டன் கொண்டது. அன்றைய உலகின் மிகப் பெரிய கப்பலான அதில் நீச்சல்குளமும் அழகிய மாடிப்படிகளும் இருந்தன. ஏறத்தாழ 2,200 பேர் பயணம் செய்த அக்கப்பலில் இருந்த 20 படகுகளில் 1,178 பேருக்கு மட்டுமே இடம் இருந்தது. இறந்தோர் 1,500க்கும் மேற்பட்டோர்.

இங்குக் கவனிக்க வேண்டியது, டைட்டானிக் சட்டத்தை மீறவில்லை என்பதாகும். 1894ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் விதிப்படி, 10,000 டன்னுக்கு மேற்பட்ட கப்பலுக்கு 16 படகுகள் போதும். கப்பல்கள் நான்கு மடங்குக்கு மேல் வளர்ந்த பின்னும் அவ்விதி மாற்றப்படவில்லை. மேலும் அது படகின் எண்ணிக்கையைக் கப்பலின் பருமனோடு பொருத்தியதே தவிர, ஏறும் மனிதர்களின் எண்ணிக்கையோடு பொருத்தவில்லை. 1914 ஜனவரியில் லண்டனில் கையெழுத்தான, 'சோலாஸ்' எனப்படும் கடலில் உயிர்ப் பாதுகாப்புக்கான உடன்படிக்கை இக்குறையைச் சரிசெய்ய முனைந்தது. முதல் உலகப் போரால் அது உரிய காலத்தில் நடைமுறைக்கு வரவில்லை; பின்வந்த உடன்படிக்கைகள் அதைத் தொடர்ந்தன.

தீத்தடுப்பு

1934 செப்டம்பரில் அமெரிக்காவின் நியூ ஜெர்சி கரைக்கு அருகே 'மோரோ காசில்' கப்பல் தீப்பிடித்து 137 பேர் இறந்தனர். அழகுக்காகப் பதிக்கப்பட்ட மரப்பலகைகளே தீ வேகமாகப் பரவக் காரணமாயின. முதலில் இறக்கப்பட்ட படகுகளில் இருந்தவர்களில் பெரும்பாலோர் கப்பல் ஊழியர்கள். படகுகள் இருந்தால் மட்டும் போதாது, பயிற்சியும் ஒழுங்கும் வேண்டும் என்பதை இவ்விபத்து காட்டியது.

1965 நவம்பர் 13 அன்று மியாமியிலிருந்து நசாவுக்குச் சென்ற 'யார்மவுத் காசில்' எரிந்து 90 பேர் இறந்தனர். அது 1927இல் கட்டப்பட்ட, மரவேலைப்பாடு மிகுந்த கப்பல். இதன்பின் பன்னாட்டுத் தீத்தடுப்பு விதிகள் கடுமையாக்கப்பட்டன. 1966இல் அமெரிக்கா இயற்றிய சட்டம் ஒன்று, கப்பல் எந்த நாட்டில் பதிவு செய்யப்பட்டது, எந்தப் பாதுகாப்புத் தரத்திற்கு உட்பட்டது என்பதை விளம்பரத்திலேயே தெரிவிக்க வேண்டும் என்றது. பயணச்சீட்டு வாங்கும் முன்பே கப்பலின் தரத்தை அறியும் உரிமை இதனால் பயணிக்குக் கிடைத்தது.

சுகாதாரம்

மூடிய கப்பலில் ஆயிரக்கணக்கானோர் ஒரே சமையலறை உணவை உண்பதால் வயிற்றுப்போக்கு நோய்கள் விரைவாகப் பரவும். இதைத் தடுக்க, அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 1975இல் கப்பல் சுகாதாரத் திட்டத்தைத் தொடங்கியது. இதன் ஆய்வாளர்கள் முன்னறிவிப்பின்றி ஏறிக் குடிநீர், உணவு வைக்கப்படும் வெப்பநிலை, சமையலறை, நீச்சல்குளம் முதலியவற்றைச் சோதிக்கின்றனர். 100 மதிப்பெண்ணுக்கு 85 அல்லது அதற்குக் குறைவாகப் பெறும் கப்பல் தேர்ச்சி பெறாததாகக் கருதப்படுகிறது. மதிப்பெண்கள் பொதுமக்கள் பார்வைக்கு வெளியிடப்படுகின்றன.

இடவிகிதம்

கப்பலின் மொத்த டன்னை, ஓர் அறைக்கு இருவர் என்ற கணக்கில் அது ஏற்றும் பயணிகளின் எண்ணிக்கையால் வகுத்தால் கிடைப்பது இடவிகிதம். 2024இல் பயணத்தைத் தொடங்கிய 'ஐகான் ஆஃப் தி சீஸ்' 248,663 டன் கொண்டது. டைட்டானிக்கைப் போல் ஐந்து மடங்குக்கு மேல். இருவர் கணக்கில் பயணிகள் 5,610. எனவே இடவிகிதம் சுமார் 44. ஜெர்மானியப் பயணிகளுக்கான 'யுரோப்பா 2' 42,830 டன் மட்டுமே. ஆனால் பயணிகள் ஏறத்தாழ 500. எனவே இடவிகிதம் 85ஐத் தாண்டுகிறது. பெரிய கப்பலில்தான் ஒருவருக்கு அதிக இடம் கிடைக்கும் என்பது சரியன்று என இக்கணக்கு காட்டுகிறது. 2022 ஜூனில் சென்னைத் துறைமுகத்திலிருந்து சுற்றுலா தொடங்கிய 'எம்பிரஸ்' 1990இல் கட்டப்பட்டது. 48,563 டன்னும் சுமார் 1,600 பயணிகளும் என்ற கணக்கில் அதன் இடவிகிதம் சுமார் 30.

இந்த எண்ணுக்கும் வரம்பு உண்டு. இயந்திர அறையும் கடைகளும் அரங்குகளும் கூட மொத்த டன்னில் அடங்கும். மூன்றாவது, நான்காவது படுக்கைகளும் நிரம்பும் விடுமுறைக் காலத்தில் நெரிசல், கணக்கு காட்டுவதைவிடக் கூடும். ஆதலால் பயணிகளுக்கும் ஊழியர்களுக்கும் உள்ள விகிதத்தையும் சேர்த்துப் பார்ப்பர். ஐகானில் ஊழியர்கள் சுமார் 2,350 பேர். அதாவது ஓர் ஊழியருக்கு இரண்டுக்கும் சற்று மேற்பட்ட பயணிகள்.

ஒத்திகை

2012 ஜனவரி 13 அன்று இத்தாலியின் ஜிலியோ தீவருகே 'கோஸ்டா கான்கார்டியா' பாறையில் மோதிச் சாய்ந்தது. 4,229 பேர் இருந்த அக்கப்பலில் 32 பேர் இறந்தனர். கப்பல் தலைவருக்குப் பின்னர் 16 ஆண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. அன்று மாலை சிவிட்டாவெக்கியாவில் ஏறியவர்களுக்குப் பாதுகாப்பு ஒத்திகை நடந்திருக்கவில்லை. 24 மணி நேரத்திற்குள் நடத்தினால் போதும் என்பதே அப்போதைய விதி. விபத்தோ சில மணி நேரத்திலேயே நேர்ந்தது. 2015 ஜனவரி 1 முதல், கப்பல் புறப்படும் முன்னரோ புறப்பட்ட உடனேயோ ஒத்திகை நடத்த வேண்டும் என விதி திருத்தப்பட்டது.

இன்றைய மதிப்பீடு

இன்று ஒரு சொகுசுக் கப்பலை மதிப்பிட விரும்புவோர் அது கட்டப்பட்ட ஆண்டு, பதிவு செய்யப்பட்ட நாடு, சுகாதார மதிப்பெண், இடவிகிதம், ஊழியர் விகிதம் ஆகியவற்றை முதலில் அறியலாம். கட்டப்பட்ட ஆண்டு முக்கியமானது. ஏனெனில், தீயோ வெள்ளமோ ஓரளவு பாதித்தாலும் தன் சொந்த ஆற்றலில் துறைமுகம் திரும்ப வேண்டும் என்ற விதி, 2010 ஜூலை 1க்குப் பின் கட்டப்பட்ட பெரிய பயணிகள் கப்பல்களுக்கே பொருந்தும். கப்பலில் ஏறியபின் ஒத்திகையில் தவறாது கலந்துகொண்டு, தமக்குரிய கூடும் இடத்தை ஒருமுறை நடந்து பார்த்துக்கொள்வது நலம். உணவு வகைகளும் கேளிக்கைகளும் விளம்பரத்திலேயே தெரிந்துவிடும். இவற்றைப் பயணிதான் தேடி அறிய வேண்டும்.