கழுத்தில் தேடினார்கள், நெஞ்சில் இருந்தது: ஒரு கப்பல் கேப்டனும் நம்ம ஊர் டயாலிசிஸ் நோயாளிகளும்

1/ கொஞ்சம் நீளமான இழை. வீட்டில் யாராவது டயாலிசிஸ் செய்துகொள்கிறார்கள் என்றால் பொறுமையா படிங்க. "டாக்டர், எலும்பெல்லாம் வலிக்குது, உடம்பு பூரா அரிக்குது" என்பது ராமநாதபுரம் பக்கம் நான் அடிக்கடி கேட்கிற புகார். பல நேரம் இதுக்குக் காரணம், அரிசி அளவே இருக்கும் பாராதைராய்டு சுரப்பிகள்.

2/ கதை ஒரு இந்தியக் காண்டாமிருகத்தில் தொடங்குது! லண்டன் மிருகக்காட்சி சாலையில் அது 1849ல் இறந்தது. அறுத்துப் பார்த்த ரிச்சர்ட் ஓவன், தைராய்டை ஒட்டி மஞ்சளாக ஒரு குட்டிச் சுரப்பியைக் கண்டார். மனிதர்களிடம் இதை விவரித்து 1880ல் பெயர் வைத்தவர் ஸ்வீடனின் இவார் சாண்ட்ஸ்ட்ரோம்.

3/ இதன் வேலை ரத்தத்தில் கால்சியம் குறையாமல் பார்த்துக்கொள்வது. அளவு மீறிச் சுரந்தால் எலும்பிலிருந்து கால்சியத்தை உருவிவிடும்.

4/ சார்லஸ் மார்டெல், அமெரிக்க வணிகக் கப்பல் கேப்டன். எலும்பு நொறுங்கி நொறுங்கி உயரமே சுமார் 7 அங்குலம் குறைந்துவிட்டது. 1926ல் இருந்து கழுத்தில் 6 ஆபரேஷன். கெட்டுப்போன சுரப்பி சிக்கவே இல்லை.

5/ மனுஷன் விடவில்லை. தானே உடற்கூறியல் புத்தகங்களைப் படித்துவிட்டு, நெஞ்சிலும் பாருங்கள் என்று வற்புறுத்தினார். 1932ல் பாஸ்டனின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் சர்ச்சிலும் ஆலிவர் கோப்பும் செய்த 7வது ஆபரேஷனில், கட்டி நெஞ்சுக்குள் இருந்தது! ஆனால் அதற்குள் கற்களால் சிறுநீரகம் பாழாகியிருந்தது. சில வாரங்களில், கல்லுக்கான சிகிச்சைக்குப் பின் இறந்துபோனார்.

6/ அங்கே எப்படிப் போச்சு? கருவில் கீழ் ஜோடி சுரப்பிகள் தைமஸோடு சேர்ந்து இறங்கி வரும். மண்டபத்தில் இறங்க வேண்டியவர் ரயிலில் தூங்கிப்போய் பாம்பன் பாலத்தைத் தாண்டிவிடுவது போல, சில சுரப்பிகள் நெஞ்சு வரை போய்விடும். சிலது பரமக்குடியிலேயே இறங்கின மாதிரி தாடைப் பக்கமே தங்கிவிடும். சிலருக்கு 5வது சுரப்பியும் உண்டு.

7/ மார்டெல்லுக்கு சுரப்பி கெட்டு, அதனால் சிறுநீரகம் கெட்டது. டயாலிசிஸ் நோயாளிக்கு இது தலைகீழ். சிறுநீரகம் செயலிழந்தால் பாஸ்பரஸ் தேங்கும், வைட்டமின் டி வேலை செய்யாது, கால்சியம் குறையும். சுரப்பிகள் வருஷக்கணக்கில் ஓய்வில்லாமல் உழைத்து வீங்கிவிடும்.

8/ இங்கேதான் சிக்கல். ஒன்று இல்லை, எல்லாச் சுரப்பிகளுமே வீங்குகின்றன. கழுத்தில் இருப்பதை எடுத்தாலும், நெஞ்சில் ஒளிந்திருக்கும் ஒன்று மிஞ்சினால் அது தொடர்ந்து சுரக்கும். அதனால் ஆபரேஷனுக்கு முன் அல்ட்ராசவுண்ட், செஸ்டாமிபி ஸ்கேன் எல்லாம் எடுத்துத் தேடுகிறோம். மார்டெல் காலத்தில் இந்த வசதி இல்லை.

9/ எல்லாருக்கும் ஆபரேஷன் தேவையில்லை. நீங்க செய்ய வேண்டியது:
• கால்சியம், பாஸ்பரஸ், பி.டி.எச். மூன்றும் எப்போ பார்த்தீங்கன்னு உங்க டாக்டரிடம் கேளுங்க
• பாஸ்பரஸ் மாத்திரையை சாப்பாட்டோடு போடுங்க; வெறும் வயிற்றில் போட்டால் பலன் இல்லை
• கருவாடு! நம்ம கடற்கரையில் சொல்லவே கஷ்டமா இருக்கு. உப்பும் பாஸ்பரஸும் அதிகம், குறைச்சுக்குங்க
• ஆபரேஷனுக்குப் பிறகு வாயைச் சுற்றி மரத்துப்போனாலோ, கை இழுத்தாலோ உடனே சொல்லுங்க. கால்சியம் வேகமாகக் குறையலாம்
• ஆபரேஷன் முடிந்தும் பி.டி.எச். இறங்கலையா? "வேற எங்கயாவது சுரப்பி இருக்குமா டாக்டர்?" என்று தயங்காமல் கேளுங்க

10/ அந்தக் கேள்வியை முதலில் கேட்டது ஒரு நோயாளிதான். அவருக்குப் பதில் தாமதமாகக் கிடைத்தது. உங்களுக்கு அப்படி ஆக வேண்டாம். டயாலிசிஸ் போகிறவர் யாரும் தெரிந்தால் இதை அனுப்பி வைங்க 🙏