செண்பகனூர்க் குருமடமும் பழனி மலைப் பச்சையும்

ஆண்டுதோறும் உலகச் சுற்றுச்சூழல் நாளான ஜூன் 5 வந்துவிட்டால் தமிழகத்துக் கத்தோலிக்கப் பங்குகளில் இளைஞர் இயக்கத்தார் கோயில் வளாகத்தில் மரக்கன்று நட்டு நீர் வார்ப்பதையும், பங்குச்சாமியார் அதற்கு மந்திரித்த தீர்த்தம் தெளிப்பதையும் காண்கின்றோம். இந்த அனுஷ்டானத்துக்கு ஆதாரம் எங்கேயுள்ளது என்று வினவினால், 2015ஆம் ஆண்டில் பாப்பரசர் பிரான்சிஸ் வெளியிட்ட 'இறைவா உமக்கே புகழ்' என்னும் சுற்றுமடலைச் சுட்டிக்காட்டுவோரே மிகுதி. சற்றே விஷயம் அறிந்தவர்கள், இரண்டாம் யோவான் பவுல் 1979இல் அசிசி நகரத்துப் பிரான்சிசை இயற்கை பேணுவோருக்குப் பாதுகாவலராக அறிவித்ததையும், 1990ஆம் ஆண்டின் உலக சமாதான நாள் செய்தி முழுவதையும் சிருஷ்டியைப் பற்றியே அவர் எழுதியதையும் நினைவூட்டுவர். இவையெல்லாம் மெய்தான், ஆயினும் ரோமாபுரியில் ஏடெழுதப்படுவதற்கு வெகு காலம் முன்னரே, மதுரை ஜில்லாவின் மலையொன்றில், துறவறப் பயிற்சிக்கு வந்த இளைஞர்கள் செடிகொடிகளோடு பழகிய சரித்திரம் ஒன்று இருக்கிறது. அந்தச் சரித்திரத்தில் உபதேசம் குறைவு, பழக்கமே அதிகம். அதனாலேயே அதை விரித்துச் சொல்லத் தோன்றுகிறது.

1773இல் கலைக்கப்பட்டு 1814இல் மறுபடி உயிர்பெற்ற சேசு சபையைச் சார்ந்த பிரெஞ்சுக் குருக்கள், நொபிலியும் பிரிட்டோவும் வீரமாமுனிவரும் உழைத்த பழைய மதுரை மிஷனை 1838இல் மீண்டும் ஏற்றார்கள். ஏற்ற சில ஆண்டுகளுக்குள்ளேயே வாந்திபேதிக்கும் விஷக்காய்ச்சலுக்கும் அவர்களில் இளைஞர் பலர் இரையாயினர். சமவெளியின் வெயில் ஐரோப்பிய சரீரத்தை வாட்டியது. 1844இல் நாகப்பட்டினத்தில் தொடங்கிய சூசையப்பர் கல்லூரியை 1883இல் திருச்சிராப்பள்ளிக்குக் கொண்டுபோய் நிலைநிறுத்திய பின்னும், குருமாணவர்களின் படிப்புக்கு ஆரோக்கியமான ஓர் இடம் வேண்டியிருந்தது. கோடைக்கானலில் சலேத் மாதா கோயில் 1860களிலேயே எழும்பியிருந்தபடியால் மலை அவர்களுக்குப் புதிதன்று. கோடைக்கானலுக்குக் கீழே, கடல்மட்டத்துக்கு ஏறத்தாழ 6,000 அடி உயரத்தில், செண்பகனூர் என்னும் சிற்றூரின் சரிவில் 1895இல் திருஇருதயக் கல்லூரி நிறுவப்பட்டது. பழனி மலைகளின் ஜந்துக்களையும் தாவரங்களையும் சேர்த்துவைக்கும் காட்சிசாலை ஒன்றும் அதே ஆண்டிலேயே அங்கே தொடங்கியதாகச் சொல்கிறார்கள். தத்துவ சாஸ்திரப் பாடமும் பூச்சிப் பெட்டியும் ஒரே கூரையின்கீழ் ஒருங்கே பிறந்தன என்றால் மிகையாகாது.

மோட்டார் செல்லும் மலைப்பாதை 1910களில்தான் முடிவுற்றது. அதற்கு முன் மலையேற வந்தவர்கள் அம்மையநாயக்கனூர் ஸ்டேஷனில் இறங்கி, மாட்டு வண்டியில் அடிவாரம் சேர்ந்து, அங்கிருந்து கால்நடையாகவோ, குதிரையிலோ, கூலியாட்கள் சுமந்த நாற்காலியிலோ ஏறவேண்டியிருந்தது. இந்த ஏற்றத்தைச் சாதாரணமாக எண்ணிவிடலாகாது. முட்செடியும் வேலமும் நிறைந்த வறண்ட அடிவாரத்தில் காலையில் புறப்பட்டவன், மூங்கிலும் தேக்கும் கலந்த நடுக்காட்டைக் கடந்து, மாலையில் பாசி படர்ந்த சோலைகளையும் புல்வெளிகளையும் எட்டிவிடுவான். ஒரு பகற்பொழுதுக்குள் தாவரங்கள் படிப்படியாக மாறுவதைத் தன் கால்களாலேயே அளந்து அறிந்துவிடுவான். எந்தப் பேராசிரியரும் இதைவிடத் தெளிவாக அந்தப் பாடத்தை நடத்தியிருக்க முடியாது.

குருமடத்தின் ஒழுங்கோ கடுமையானது. விடியுமுன் எழுந்து தியானம், பூசை, பின்னர் லத்தீன் மொழியில் தர்க்கம், மறுபடியும் ஜெபம் என்று மணியடித்தாற்போல் நாள் நகரும். ஆயினும் வாரத்தில் ஒருநாள் பாடத்துக்கு விடுமுறை அளித்து, இளைஞரை நெடுந்தூரம் நடக்க அனுப்புவது சேசு சபைப் பயிற்சி இல்லங்களின் பழைய வழக்கம். பிற ஊர்களில் அந்த நடை தேகாப்பியாசமாகவும் பொழுதுபோக்காகவும் முடிந்துபோகும். செண்பகனூரிலோ, அதே வீட்டில் வாழ்ந்த சில குருக்களின் ஆர்வத்தால் அது வேறொரு திசையில் திரும்பியது. சித்திரக்காரரும் தாவர ஆராய்ச்சியாளரும் கல்திட்டைகளைத் தேடி அலைந்தவருமான லூயி ஆங்கிளாது சுவாமி, பாசிகளையே ஜீவியத்தின் பெரும்பகுதிக்குத் துணையாகக் கொண்ட ஜார்ஜ் ஃபொரோ சுவாமி, செடிகளைச் சேகரிப்பதில் சலிப்பறியாத சொலியே சுவாமி ஆகியோர் வாழ்ந்த வீட்டில், உலாவப் போன இளைஞன் வெறுங்கையோடு திரும்புவதற்குக் கொஞ்சம் கூச்சப்பட்டிருப்பான் என்றே ஊகிக்கலாம்.

செடியொன்றைத் தாளிலே பதிப்பது எளிதென்று எண்ணுவோர் உண்டு. பூவும் காயும் ஒருங்கே உள்ள கிளையைத் தேர்ந்து வெட்டித் தகரப்பெட்டியில் ஈரம் காயாமல் கொண்டுவந்து, இலைகளில் சிலவற்றை மேற்புறம் தெரியவும் ஒன்றிரண்டை அடிப்புறம் தெரியவும் விரித்து, பழைய செய்தித்தாள் மடிப்புகளுக்கிடையே வைத்து, இருபுறமும் பலகையிட்டுக் கயிற்றால் இறுக்க வேண்டும். சமவெளியில் சில நாட்களில் காய்ந்துவிடும் செடி, நாள் முழுதும் மூடுபனி புகுந்து வெளியேறும் மலைவீட்டில் அவ்வளவு சுலபமாகக் காய்வதில்லை. தாளை அன்றாடம் மாற்றி, நனைந்த தாளை அடுப்பங்கரையில் உலர்த்தி மறுபடி வைக்காவிட்டால் பூஞ்சணம் பூத்து, ஒரு வாரத்து உழைப்பு கருத்துப் போகும். காய்ந்த பின்னரும் புழு அரிக்காதிருக்கச் சவ்வீரக் கரைசலில் தோய்த்தெடுப்பது அக்காலத்து முறை. அதன்பின்னரே கெட்டித்தாளில் தைத்தோ ஒட்டியோ, வலப்புறத்து மூலையில் சீட்டு எழுதுவார்கள்: லத்தீன் பெயர், இடம், உயரம், தேதி, சேகரித்தவர் பெயர், வரிசை எண். தாளில் காயும்போது மறைந்துவிடும் பூவின் நிறத்தையும் அந்தச் சீட்டிலேயே குறித்துவைக்க வேண்டும். நிறம் மறைவதைச் சகிக்கமுடியாமல்தானோ என்னவோ, ஆங்கிளாது சுவாமி நூற்றுக்கணக்கான செடிகளை நீர்வண்ணத்தில் வரைந்துவைத்தார். சந்நியாசப் பயிற்சிக்கு வேண்டிய பொறுமை, நிதானம், தன்னை மறந்த சிரத்தை இவையனைத்தும் இந்த வேலைக்கும் வேண்டியிருந்தன. ஆகையால் மேலதிகாரிகள் இதைத் தடுக்கவில்லை.

இவ்வாறு சேர்ந்தவை மலையிலேயே தங்கிவிடவில்லை. ஸ்பெயின் தேசத்துப் பூச்சியியலாளர் இக்னாசியோ பொலீவார், திருச்சி சூசையப்பர் கல்லூரியின் சேகரிப்பிலிருந்த வெட்டுக்கிளி இனங்களைப் பற்றிப் பிரெஞ்சு மொழியில் எழுதிய நீண்ட ஆராய்ச்சி 1897 முதல் தொடர்ச்சியாக வெளிவந்தது. பாசிகள் ஃபொரோ சுவாமியிடமிருந்து இங்கிலாந்தில் பாசி ஆராய்ச்சியாளர் டிக்ஸனுக்கும் பிரான்சில் பொத்தியே தெ லா வார்துக்கும் கப்பலேறின. அவ்விருவரும் ஒரு பாசிப் பேரினத்துக்கு 'ஃபொரோயெல்லா' என்றே பெயர் சூட்டினர். ஆங்கிளாது சுவாமி நியூட்டன் என்பவரோடு சேர்ந்து பழனி மலைக் கல்திட்டைகளைப் பற்றி எழுதிய நூலை 1928இல் இந்தியத் தொல்பொருள் இலாகா வெளியிட்டது. ஓர் ஒதுக்குப்புறத்துக் குருமடத்துக்கு இது சாமானியமான கீர்த்தியன்று.

ஆனால் புகழ்ந்து முடித்துவிடுவது சரித்திரத்துக்கு நியாயமாகாது. அந்தக் காலத்தவர் சேகரித்தார்கள். காக்க வேண்டும் என்று எண்ணியவர்களாகத் தெரியவில்லை. காட்சிசாலையின் கண்ணாடிப் பெட்டிகளில் பஞ்சடைத்து நிற்கும் மிருகங்களும் ஊசி குத்திய வண்ணத்துப்பூச்சிகளும் உயிரோடு வந்து சேர்ந்தவையல்ல. மலையின் தாவரங்களை எழுத்தின்றியே அறிந்திருந்த பளியர் பழங்குடியினர், புழங்கு பொருள்கள் காட்சிசாலையின் அலமாரியில் இடம்பெற்ற அளவுக்கு, செடிகளின் சீட்டுகளில் பெயர் பெறவில்லை. இன்னொன்றையும் சொல்லவேண்டும். தைலமரமும் சீகைமரமும் பைன்மரமும் 19ஆம் நூற்றாண்டிலிருந்து வெள்ளைக்காரரின் தோட்டங்கள் வழியே மலைக்கு வந்தபோது, விறகுக்கும் நிழலுக்கும் உதவும் நல்வரவாகவே எல்லோரும் அவற்றைக் கருதினர். சுதந்திரத்துக்குப் பிறகு தோல் பதனிடுவதற்கான பட்டைக்காகவும், செயற்கைப் பட்டுக்கான மரக்கூழுக்காகவும் அரசாங்கமே புல்வெளிகளைத் தோட்டங்களாக்கியது. புல்வெளி என்றால் வெற்றுத்தரை, மரமிருந்தால்தான் காடு என்ற எண்ணம் அதிகாரிகளுக்கும் சந்நியாசிகளுக்கும் பொதுவாகவே இருந்தது. சோலைக்குப் புறத்தே பரந்த அந்தப் புல்தரைகளே மழைநீரைப் பஞ்சுபோல் உறிஞ்சிவைத்துக் கோடையில் ஓடைகளுக்கு விடுகின்றன என்பதைக் கண்டவர்கள் மிகவும் பிந்தியே கண்டார்கள்.

இதற்கிடையில் குருமடத்தின் போக்கும் மாறிற்று. இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு, குறிப்பாக 1974–75இல் கூடிய சேசு சபையின் 32ஆம் பொதுச்சங்கம் விசுவாசத் தொண்டையும் நீதியின் வளர்ச்சியையும் ஒன்றாக இணைத்துப் பேசிய பின்னர், துறவற இளைஞரின் கவனம் சேரிக்கும் தொழிற்சங்கத்துக்கும் சாதிக் கொடுமைக்கும் திரும்பியது. அது திரும்பவேண்டிய இடத்துக்கே திரும்பியது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. தத்துவப் படிப்பும் அந்த 1970களில் சென்னைக்கு இறங்கிவிட்டது. ஏழை பசியோடிருக்கையில் ஆர்க்கிடு மலரின் இதழை எண்ணிக்கொண்டிருப்பது சுகவாசிகளின் வியாபாரம் என்று எண்ணிய தலைமுறைக்கு, மலையின் தாள்கட்டுகள் பழைய காலத்து ஆடம்பரமாகவே தோன்றியிருக்கும்.

அந்தக் கட்டுகளைக் கீழே போடாதவர் கே. எம். மாத்யூ சுவாமி. 1930இல் பிறந்து 2004இல் ஜெர்மனியில் காலமான இவர், கோடைக்கானலுக்கு வெளியிலிருந்து வந்து குடியேறிய செடிகளைப் பற்றிய நூலை 1969இல் வெளியிட்டார். எது இந்த மலைக்குச் சொந்தம், எது விருந்தாளி, விருந்தாளிகளில் எது வீட்டையே பிடித்துக்கொண்டது என்ற கேள்வியை அப்போதே எழுப்பியது அந்த நூல். அதற்குச் சற்று முன்பாக, 1967இல், திருச்சி சூசையப்பர் கல்லூரியில் தாவரவியலாளர் ராப்பினா சுவாமியின் பெயரால் உலர்செடிகளைக் காக்கும் ஹெர்பேரியம் ஒன்றை நிறுவினார். கல்லூரி மாணவர்களை உடன்சேர்த்துக்கொண்டு தமிழகத்துச் சமவெளியையும் குன்றுகளையும் துருவித் தேடி, 1980களில் 'தமிழ்நாட்டுக் கர்நாடகத் தாவரங்கள்' என்னும் பெருநூலின் பகுதிகளை ஒன்றன்பின் ஒன்றாக வெளியிட்டார். 1999இல் பழனி மலைத் தாவர நூல் மூன்று பாகங்களாக வந்தது. ஆங்கிளாதும் ஃபொரோவும் எங்கே நிறுத்தினார்களோ அங்கிருந்து இவர் தொடர்ந்தார் என்று சொல்லலாம். ஆனால் ஒரு வேற்றுமை இருந்தது. சேகரித்ததோடு இவர் நிற்கவில்லை.

1985இல் பழனி மலைப் பாதுகாப்பு மன்றம் உருவானபோது அதை நிறுவியவர்களில் இவரும் ஒருவர். அதே காலத்தில் செண்பகனூரில் பழைய ஆசானின் பெயரால் ஆங்கிளாது இயற்கை வரலாற்று நிலையத்தையும் ஏற்படுத்தினார். இங்கேதான் குருமடத்தின் சுவருக்குள் நின்றிருந்த பழக்கம் வெளியே நடந்தது. தத்துவ மாணவன் இருந்த இடத்துக்குப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளும் ஆசிரியர்களும் வந்தார்கள். லத்தீனின் இடத்தைத் தமிழும் ஆங்கிலமும் பிடித்தன. கிறிஸ்தவப் பிள்ளை, மற்றப் பிள்ளை என்ற வித்தியாசமும் இருக்கவில்லை. இயற்கையைக் காப்பது எவ்வாறு என்று மேடையேறிப் பேசுமுன், உன் காலடியில் நிற்கும் செடியின் பெயரைச் சொல் என்று கேட்கிற வழி இது. இந்த வழியே உத்தமமானது என்பது என் அபிப்பிராயம். பெயர் தெரியாத ஒன்றை நாம் இழந்தாலும் இழந்தது தெரியாது. கன்று நடும் விழாக்களில் நட்ட கன்று எந்த மரம் என்று கேட்டால் விழிப்போரே பலராக இருப்பதைப் பார்க்கையில், அந்தப் பழைய தகரப்பெட்டியை மறுபடி எடுத்துத் தோளில் மாட்டச் சொல்லத் தோன்றுகிறது. சோலைப் புல்வெளியில் உற்சாகமாக மரம் நட்டுவிட்டுத் திரும்பும் பக்தனைவிட, இங்கே நடாதே என்று தடுக்கத் தெரிந்த மாணவன் அந்த மலைக்குப் பெரிய நன்மை செய்கிறான்.

சேசு சபையின் தலைமையும் தாமதமாக இந்த இடத்துக்கு வந்து சேர்ந்தது. 1995இல் கூடிய 34ஆம் பொதுச்சங்கம் சூழலியலை ஆராயும்படி கேட்டுக்கொண்டது. 2008இல் கூடிய 35ஆம் சங்கம், கடவுளோடும் மனிதரோடும் ஒப்புரவாவதோடு சிருஷ்டியோடும் ஒப்புரவாவதைச் சபையின் பணியாகவே வகுத்தது. தமிழகத்தில் 2013இல் கோடைக்கானல் வனவிலங்கு சரணாலயம் அறிவிக்கப்பட்டு, சீகைமரத்தையும் பைனையும் அகற்றிப் பழைய புல்வெளியை மீட்க வேண்டும் என்ற பேச்சும் வலுத்தது. மீட்பதென்றால் முன்னே என்ன இருந்தது என்று தெரியவேண்டும். மரத்தோட்டம் எழுமுன் ஒரு மலைச்சரிவில் எந்தெந்தப் புல் வளர்ந்தது, எந்த மாதத்தில் பூத்தது என்பதை இன்று அந்தச் சரிவில் நின்று கண்டுபிடிக்க முடியாது. செண்பகனூரிலும் திருச்சியிலும் அடுக்கியிருக்கும் தாள்களின் வலப்புறத்து மூலையைத்தான் பார்க்க வேண்டும்.