மாறுபட்ட அளவுகோல் மதிப்பீடுகளை ஒப்பிடும் புள்ளியியல் சோதனைகள்

ஒரு கருத்துக்கணிப்பு 5க்கும் மற்றொன்று 10க்கும் மதிப்பெண் கேட்டிருந்தால், இரண்டையும் எப்படி ஒப்பிடுவது என்பது புள்ளியியலில் அடிக்கடி எழும் கேள்வி. தென்காசி மாவட்டம் குற்றாலத்தில் அருவிகளுக்குச் சீசனில் வரும் பயணிகளிடம் கருத்துக் கேட்பதாகக் கொண்டு இதை விளக்கலாம்.

அளவுகோலின் தன்மை

'மிகவும் திருப்தி' முதல் 'சிறிதும் திருப்தியில்லை' வரையிலான விடைமுறை ரென்சிஸ் லிக்கர்ட் 1932இல் முன்வைத்த முறையிலிருந்து வளர்ந்தது. எஸ். எஸ். ஸ்டீவன்ஸின் 1946ஆம் ஆண்டுப் பகுப்பின்படி இவ்விடைகள் வரிசை அளவுகோலைச் சேர்ந்தவை. எது கூடுதல், எது குறைவு என்று அவை சொல்லும். எவ்வளவு கூடுதல் என்று சொல்லா. எனவே சராசரியைவிடத் தரவரிசையை நம்பும் சோதனைகளே பாதுகாப்பானவை.

பொது அளவுக்கு மாற்றுதல்

5 புள்ளி மதிப்பெண்ணை இரண்டால் பெருக்குவது தவறு. நடுப்புள்ளியான 3 அப்போது 6 ஆகும். 1 முதல் 10 வரையிலான அளவுகோலின் நடுவோ 5.5. மதிப்பெண்ணிலிருந்து சிறும அளவைக் கழித்து, வீச்சால் வகுக்க வேண்டும். ஐந்தருவியின் குளியல் வசதிக்கு 5க்கு 4 என்றால் (4−1)÷4 = 0.75; தங்கும் விடுதிக்கு 10க்கு 8 என்றால் (8−1)÷9 = 0.78. இரு தொகுப்புகளையும் தனித்தனியே திட்ட மதிப்புகளாக (சராசரியைக் கழித்து, திட்ட விலக்கத்தால் வகுத்து) மாற்றினால் இரண்டின் சராசரியும் 0 ஆகி, தேடிய வேறுபாடே அழிந்துவிடும்.

சோதனையைத் தேர்ந்தெடுத்தல்

விடையளித்தவர்கள் ஒரே ஆட்களா என்பதை முதலில் பார்க்க வேண்டும். ஒரே பயணிகள் அருவியையும் விடுதியையும் மதிப்பிட்டிருந்தால், மாற்றிய மதிப்புகளுக்கு வில்காக்சன் குறியிட்ட தரவரிசைச் சோதனை (1945) பொருந்தும். வெவ்வேறு பயணிகள் என்றால் மான்–விட்னி சோதனை (1947). பேரருவி, ஐந்தருவி, பழைய குற்றாலம் என மூன்று அருவிகளை ஒப்பிடும்போது, ஒரே பயணிகளுக்கு ஃபிரீட்மன் சோதனையும் (1937) வெவ்வேறு பயணிகளுக்குக் குருஸ்கல்–வாலிஸ் சோதனையும் (1952) உதவும். அருவியை விரும்பியவர்களே விடுதியையும் விரும்பினார்களா என்பதுதான் கேள்வி என்றால், ஸ்பியர்மன் தரவரிசை ஒட்டுறவுக் கெழு போதும்; அதற்கு அளவு மாற்றம் தேவையில்லை.

வரம்புகள்

அளவு மாற்றம் எண்களைத்தான் ஒரே வீச்சுக்குக் கொண்டுவரும். 5க்கு 4 போட்டவரின் மனநிறைவும் 10க்கு 8 போட்டவரின் மனநிறைவும் ஒன்றே என்று நிறுவாது. பயணிகளில் ஒரு பகுதியினரிடமாவது இரு அளவுகோல்களிலும் கேட்டு வைத்தால் அந்த உறவை நேரடியாக அறியலாம். கேட்கும் நாளும் முக்கியம். வெள்ளப்பெருக்கால் குளிக்கத் தடை விதித்த நாளில் ஓர் அருவிக்கும், சாரலடித்து நீர் சீராக விழும் நாளில் மற்றோர் அருவிக்கும் கருத்துக் கேட்டால், அந்தக் குறையை எந்தச் சோதனையாலும் சரிசெய்ய முடியாது. எனவே கணக்கெடுப்பைத் திட்டமிடும்போதே அளவுகோலையும் கேட்கும் நாளையும் ஒரே மாதிரியாக வைப்பதே சிறந்தது.