வாய்ப்புற்றுக்குக் கூட்டுச் சிகிச்சை: நெய்யூரிலிருந்து மும்பை வரை

வெற்றிலை, பாக்கு, புகையிலை மெல்லுவோருக்கு வரும் வாய்ப்புற்று பற்றி 1933ஆம் ஆண்டு லண்டன் ‘லான்செட்’ இதழில் ஒரு கட்டுரை வந்தது. எழுதியவர் ஐ. எம். ஓர், நெய்யூர் மிஷன் மருத்துவமனை மருத்துவர். நெய்யூர் அன்று திருவிதாங்கூர் அரசில் இருந்தது.  அந்தக் கட்டுரை நோயின் காரணத்தோடு நிற்கவில்லை, சிகிச்சையையும் பேசியது.

கன்னத்தின் உட்புறம் வரும் புற்று மேலைநாடுகளில் அரிது. இங்கோ அதுதான் அன்றாடம். நோயாளிகளில் பலர் கட்டி முற்றிய பிறகே வந்தார்கள். அறுவை சிகிச்சை எட்டாத நிலையில் ‘கரண்ட்’ எனப் பேச்சில் வழங்கும் கதிர்வீச்சு ஒன்றே மிச்சம். பெரிய கட்டியின் நடுப்பகுதிக்கு ரத்தம் சரியாகப் போகாது, ஆக்சிஜன் குறையும். ஆக்சிஜன் குறைந்த செல்களைக் கதிரால் கொல்வது கடினம். ஒரு மருந்தைச் சேர்த்து அந்தச் செல்களை வலுவிழக்கச் செய்ய முடியாதா?

இந்தக் கேள்வியை இந்தியாவில் விடாப்பிடியாகத் துரத்தியது அடையாறு புற்றுநோய் மையம். முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954இல் 12 படுக்கைகளுடன் தொடங்கிய இடம் அது. அவருடைய மகன் எஸ். கிருஷ்ணமூர்த்தியும் வி. சாந்தாவும் கன்னப்புற்றுக்கான கூட்டுச் சிகிச்சை பற்றி 1971இல் ‘ரேடியாலஜி’ இதழில் எழுதினர். பிறகு ஜப்பானில் ஹமாவோ உமேசாவா கண்டறிந்த பிளியோமைசினைக் கதிர்வீச்சுடன் சேர்த்துச் சோதித்தனர். 1977இலும் 1980இலும் வெளியான முடிவுகள், மருந்து சேர்த்தவர்களிடம் கட்டி கரைவது வெகுவாகக் கூடியதைக் காட்டின. ஐரோப்பிய ஆய்வுகள் சிலவற்றில் அதே பலன் கிடைக்கவில்லை; பிளியோமைசின் பின்தங்கியது. அதற்காக அடையாறு கேட்ட கேள்வி தவறாகிவிடவில்லை. மருந்துதான் மாற வேண்டியிருந்தது.

மாறியது சிஸ்பிளாட்டினாக. 93 ஆய்வுகளையும் 17,000க்கு மேற்பட்ட நோயாளிகளையும் ஒன்றாகத் தொகுத்த 2009ஆம் ஆண்டு அலசல், கதிர்வீச்சு நடக்கும்போதே கீமோ கொடுத்தால் ஐந்தாண்டு உயிர்வாழ்வோர் விகிதம் 6.5 சதவீதப் புள்ளிகள் உயரும் என்றது. சிறிய எண்தான், ஆனால் உறுதியான எண். எழுபதைத் தாண்டியவர்களிடம் அந்தப் பலன் ஏறக்குறைய மறைந்துவிட்டது.

இலக்கு மருந்துகளின் கதை இவ்வளவு நேரானது அல்ல. புற்றுச் செல்லின் மேற்பரப்பில் உள்ள ஈஜிஎஃப்ஆர் என்ற ஏற்பியைத் தடுக்கும் செட்டுக்சிமாப், கதிர்வீச்சுடன் சேர்ந்தபோது இடைநிலை (மீடியன்) ஆயுளை 29 மாதத்திலிருந்து 49 மாதமாக உயர்த்தியது என 2006இல் செய்தி வந்தது. பரபரப்பும் எழுந்தது. ஆனால் அந்த ஆய்வில் இருந்தவர்கள் தொண்டை, குரல்வளைப் புற்று உள்ளவர்கள். வாய்க்குழிப் புற்றுக்கு அதில் இடமே இல்லை. நம் ஊர் நோயாளிக்கு அந்த 49 மாதம் என்ன சொல்லிவிட முடியும்? சிஸ்பிளாட்டினுடன் செட்டுக்சிமாபையும் சேர்த்த பிந்தைய அமெரிக்க ஆய்விலோ கூடுதல் பலன் இல்லை, பக்கவிளைவுதான் மிஞ்சியது.

கியூபாவில் பிறந்த நிமோட்டுசுமாப் என்ற மற்றொரு இலக்கு மருந்துக்கு இந்தியாவிலேயே சோதனை நடந்தது. மும்பை டாடா நினைவு மருத்துவமனை 536 பேரிடம் நடத்திய ஆய்வில் (2019), இரண்டாண்டு வரை நோய் முற்றாமல் இருந்தோர் அதைச் சேர்க்காதவர்களில் 50 சதவீதம், சேர்த்தவர்களில் 62 சதவீதம். மொத்த ஆயுளில் தெளிவான வேறுபாடு நிறுவப்படவில்லை.

சிறுநீரகம் பழுதானவர், காது கேளாதவர் போன்றோருக்குச் சிஸ்பிளாட்டின் கொடுக்க இயலாது. இவர்களுக்கு வெறும் கதிர்வீச்சே கதி என்றிருந்த நிலையை 2023இல் அதே மருத்துவமனை மாற்றியது. பழைய, காப்புரிமை முடிந்த டோசிடாக்சலை வாரம் ஒருமுறை சிறு அளவில் கொடுத்து 356 பேரிடம் சோதித்தார்கள். இரண்டாண்டு உயிர்வாழ்வு 41.7 சதவீதத்திலிருந்து 50.8 சதவீதமாக உயர்ந்தது. விலையுயர்ந்த இலக்கு மருந்துகளைச் சுற்றி எழுந்த ஆரவாரத்தைவிட, இந்த ஆய்வே நம் பக்கத்து நோயாளிகளுக்கு அதிகம் உதவும்.